எக்கோ ரிப்போர்ட்டில் வரும் 'டாப்ளர்' யார்? இதய வால்வு கசிவைக் காட்டிக்கொடுக்கும் 1842-ம் ஆண்டுக் கணக்கு

வீட்டில் யாருக்காவது இதயப் பிரச்னை இருந்தால், அவர்களுடைய மெடிக்கல் ஃபைலில் ஓர் எக்கோ ரிப்போர்ட் நிச்சயம் இருக்கும். அதில் 'கலர் டாப்ளர்' என்று ஒரு வரியைப் பார்த்திருப்பீங்க. மெஷின் கம்பெனியின் பெயர் என்று நினைத்து நம்மில் பலர் அதைத் தாண்டிப் போயிருப்போம்.

அது கம்பெனி இல்லை, ஒரு மனிதரின் பெயர். கிறிஸ்டியான் டாப்ளர், ஆஸ்திரியாவைச் சேர்ந்த கணித ஆசிரியர். அவர் ரத்த ஓட்டத்தைப் பற்றி எழுதவில்லை. நட்சத்திரங்களைப் பற்றி எழுதினார், அதிலும் பாதி தப்பு. ஆனாலும், செயற்கை வால்வு பொருத்திய ஒருவருக்கு மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டுமா, வேண்டாமா என்று டாக்டர்கள் இன்று முடிவெடுக்கும்போது, அவருடைய கணக்கு இல்லாமல் பேச்சே தொடங்காது.

இந்த எக்ஸ்பிளெய்னரில் இரண்டு விஷயங்கள். ஒன்று, டாப்ளரின் வாழ்க்கை. இன்னொன்று, அவருடைய கணக்கு கண்டுபிடித்துத் தரும் ஒரு பிரச்னை: பொருத்திய வால்வைச் சுற்றி ஏற்படும் கசிவு. டாக்டர்கள் இதை 'பாராவால்வுலர் லீக்' என்பார்கள்.

கல் உடைக்க முடியாத பையன்

டாப்ளர் 1803 நவம்பர் 29 அன்று சால்ஸ்பர்க் நகரில் பிறந்தார். மொசார்ட்டின் ஊர் என்று உலகத்துக்குத் தெரிந்த அதே நகரம். அவருடைய குடும்பம் பல தலைமுறைகளாகக் கல் வேலை செய்துவந்த குடும்பம். தொழில் நன்றாகவே நடந்தது. மகனும் உளியைக் கையில் எடுப்பான் என்பதுதான் எதிர்பார்ப்பு. ஆனால் சின்ன வயதிலிருந்தே டாப்ளருக்கு உடம்பு சரியில்லை. கல் வேலைக்கு இந்த உடம்பு தாங்காது என்று வீட்டில் முடிவு செய்தார்கள்.

சைமன் ஸ்டாம்பர் என்ற கணிதப் பேராசிரியர் பையனின் திறமையைக் கவனித்து, வியன்னாவின் பாலிடெக்னிக்குக்கு அனுப்பச் சொன்னார். 1822-ல் டாப்ளர் அங்கே சேர்ந்தார். பிறகு வியன்னா பல்கலைக்கழகத்தில் உயர்கணிதமும் வானியலும் படித்தார். 1829-ல் ஒரு பேராசிரியருக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. பிரச்னை என்னவென்றால், அது கான்ட்ராக்ட் வேலை. நான்கு வருடம் முடிந்ததும் வெளியே வர வேண்டியதுதான்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குப் பழக்கமான கதைதான். விண்ணப்பம், நேர்காணல், காத்திருப்பு. 30 வயதில், கணிதக் கட்டுரைகள் வெளியிட்டிருந்த ஒருவர், பிழைப்புக்காக ஒரு பருத்தி நூற்பாலையில் கணக்கு எழுதினார். 1835-ல் ஐரோப்பாவே வேண்டாம், அமெரிக்காவுக்குப் போய்விடலாம் என்று முடிவெடுத்தார். சாமான்களை விற்றார். அமெரிக்கத் தூதரைப் பார்க்க மியூனிக் வரை போனார். கிளம்பும் நேரத்தில்தான் பிராக் நகரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் வேலை வந்தது.

அடுத்த வருடம் மத்தில்டா ஸ்டர்ம் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். ஐந்து குழந்தைகள். 1841-ல் பிராக் பாலிடெக்னிக்கில் முழுநேரப் பேராசிரியர் ஆனார்.

1842 மே 25: சிலர் மட்டுமே கேட்ட பேச்சு

பேராசிரியர் ஆன அடுத்த வருடம், பிராக்கில் உள்ள அறிவியல் கழகத்தின் கூட்டத்தில் டாப்ளர் ஒரு கட்டுரை வாசித்தார். இரட்டை நட்சத்திரங்களின் நிறம் பற்றியது. கேட்க வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று சொல்லப்படுகிறது.

அவர் சொன்ன யோசனை எளிமையானது. கடலில் அலைகள் ஒரே சீராக வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அலைகளை எதிர்த்துப் போகும் கப்பலில் ஒரு நிமிடத்துக்கு அதிக அலைகள் மோதும். அலைகளோடு சேர்ந்து போகும் கப்பலில் குறைவாக மோதும். அலை மாறவில்லை. நகர்வதால் எண்ணிக்கை மாறுகிறது.

ஒலியும் ஒளியும் அலைகள்தானே, அங்கேயும் இப்படித்தானே நடக்க வேண்டும் என்று கேட்டார் டாப்ளர். இன்று இதைப் புரிந்துகொள்ள கப்பல் வேண்டாம். பிளாட்பாரத்தில் நில்லுங்க. நிற்காத எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நெருங்கும்போது சத்தம் கீச்சென்று இருக்கும். தாண்டிய நொடியில் சட்டென்று கனமாகிவிடும். அதுதான் டாப்ளர் விளைவு.

சரி, தப்பு எங்கே? நட்சத்திரங்கள் எல்லாமே இயல்பில் வெள்ளை என்றும், நம்மை நோக்கி வருவது, விலகிப் போவது ஆகியவற்றால்தான் அவை வேறு வேறு நிறத்தில் தெரிகின்றன என்றும் அவர் நினைத்தார். நட்சத்திரத்தின் நிறத்தைத் தீர்மானிப்பது முக்கியமாக அதன் வெப்பநிலை. நட்சத்திரங்களின் வேகம் ஒளியின் வேகத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அதனால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நிறம் மாறாது. விதி சரி, எடுத்துக்காட்டு தப்பு.

ரயிலில் ஏறிய இசைக்கலைஞர்கள்

நெதர்லாந்தில் பாய்ஸ் பாலட் என்ற இளம் விஞ்ஞானி டாப்ளரின் கட்டுரையைப் படித்தார். நிறம் பற்றிய வாதம் அவருக்கு ஒட்டவில்லை. ஆனால் ஒலியில் சோதித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. அந்தக் காலத்தில் வேகமாக ஓடக்கூடிய ஒரே விஷயம் ரயில். 1845 ஜூனில், உட்ரெக்ட் நகரையும் மார்சென் என்ற ஊரையும் இணைக்கும் பாதையில் ரயில் இன்ஜின் ஓடியது. அதில் ஊதுகுழல் கலைஞர்கள் ஒரே சுருதியை ஊதிக்கொண்டே போனார்கள். தண்டவாளத்தின் ஓரத்தில் சுருதி ஞானம் உள்ள வேறு கலைஞர்கள் நின்று, காதில் விழுந்த சுருதியை எழுதினார்கள். பிறகு இடம் மாறியும் செய்துபார்த்தார்கள்.

முடிவு: ஒலியில் டாப்ளர் சொன்னது சரி. நட்சத்திர நிறம் பற்றி அவர் சொன்னதை மட்டும் பாய்ஸ் பாலட் கடைசிவரை ஏற்கவில்லை. அந்த விஷயத்தில் அவரும் சரிதான்.

அதே வருடங்களில் பிராக்கில் டாப்ளரின் நிலைமை மோசமாக இருந்தது. நூற்றுக்கணக்கான மாணவர்களுக்குத் தேர்வு நடத்தி மார்க் போடும் வேலை உடம்பைத் தின்றது. தேர்வு ரொம்பக் கடுமை என்று மாணவர்கள் புகார் கொடுத்தார்கள், விசாரணை நடந்தது. நீண்ட மருத்துவ விடுப்பில் போனார். 1847-ல் இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள ஒரு சுரங்கக் கல்லூரிக்கு மாறினார். அடுத்த வருடமே அந்தப் பகுதியில் புரட்சி வெடித்தது. 1849-ல் வியன்னா பாலிடெக்னிக்கில், தன்னை முதலில் அடையாளம் கண்ட ஸ்டாம்பரின் இடத்துக்கே வந்துசேர்ந்தார்.

1850-ல் வியன்னா பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தொடங்கிய இயற்பியல் நிறுவனத்துக்கு அவர்தான் முதல் இயக்குநர். அங்கே அவரிடம் படித்தவர்களில் ஒரு துறவி இருந்தார், பெயர் கிரிகோர் மெண்டல். பின்னாளில் பட்டாணிச் செடிகளை எண்ணி மரபியலுக்கு அடித்தளம் போட்ட அதே மெண்டல்.

நிம்மதி நீடிக்கவில்லை. 1852-ல் வியன்னாவின் அறிவியல் அகாடமியில், ஜோசப் பெட்ஸ்வால் என்ற செல்வாக்குள்ள கணித மேதை டாப்ளரின் கொள்கையை வெளிப்படையாகத் தாக்கினார். இவ்வளவு சின்னக் கணக்கிலிருந்து பெரிய இயற்கை விதி எதுவும் வர முடியாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். அலையைச் சுமக்கும் காற்றோ நீரோ நகர்வதையும், அலையை உண்டாக்கும் பொருள் நகர்வதையும் அவர் குழப்பிக்கொண்டார். இன்று பார்த்தால் தப்பு பெட்ஸ்வால் மேல்தான். ஆனால் அன்று அகாடமியில் அவர் கைதான் ஓங்கியிருந்தது.

டாப்ளரின் நுரையீரல் நோய் முற்றியது. காற்று மாறினால் தேறலாம் என்று 1852 நவம்பரில் வெனிஸ் போனார். தேறவில்லை. 1853 மார்ச் 17 அன்று இறந்தார். வயது 49. வெனிஸின் சான் மிக்கேல் தீவுக் கல்லறையில் புதைத்தார்கள்.

வானத்திலிருந்து நெஞ்சுக்கு

சரியாக 100 வருடம் கழித்து, 1953-ல், ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற டாக்டரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் அல்ட்ராசவுண்ட் அலைகளை வைத்து இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். எக்கோ பிறந்தது. 1950-களின் நடுவில் ஜப்பானின் ஒசாகாவில் ஷிகேயோ சடோமுரா, திரும்பி வரும் அந்த அலைகளில் டாப்ளர் விளைவைத் தேடினார். 1970-களில் நார்வேயில் லிவ் ஹட்லே உள்ளிட்டோர், டாப்ளர் தரும் வேகத்தை அழுத்தமாக மாற்றிக் கணக்கிடும் முறையை நோயாளிகளிடம் நிரூபித்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து கலர் டாப்ளர் வந்தது.

நகரும் பொருள் இங்கே ரத்த அணு. மெஷின் அனுப்பும் அலை அதில் பட்டுத் திரும்பும்போது அதிர்வெண் மாறியிருக்கும். எவ்வளவு மாறியிருக்கிறதோ, அதுதான் வேகத்தின் அளவு.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். திசுக்களில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர். மெஷின் 2.5 மெகாஹெர்ட்ஸ் அலையை அனுப்புகிறது. ரத்தம் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடினால், திரும்பி வரும் அலையில் சுமார் 3,250 ஹெர்ட்ஸ் வித்தியாசம் இருக்கும். இது நம் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் வரும் எண். ஸ்கேன் ரூமில் வரும் அந்த 'வூஷ்... வூஷ்' சத்தம் வேறொன்றும் இல்லை, இந்த வித்தியாசத்தை ஸ்பீக்கரில் போட்டதுதான்.

இப்போ ஒரு கசிவு. ரத்தம் சின்னத் துளை வழியாக வினாடிக்கு 5 மீட்டரில் பீறிடுகிறது என்று வையுங்கள். வேகத்தை வர்க்கமாக்கி 4-ஆல் பெருக்குங்கள்: 25 பெருக்கல் 4, அதாவது 100. துளையின் இரு பக்கத்துக்கும் இடையிலான அழுத்த வித்தியாசம் அது, நாம் பிபி சொல்லும் அதே அலகில். ஊசி குத்தாமல், டியூப் நுழைக்காமல் இதயத்துக்குள் அழுத்தத்தை அளந்தாகிவிட்டது.

கலர் டாப்ளரில் ஒரு வேடிக்கையும் உண்டு. வானியலில், விலகிப் போகும் பொருளின் ஒளி சிவப்புப் பக்கம் நகரும். எக்கோ திரையில் வழக்கமாக இதற்கு நேர்மாறு: புரோப்பை நோக்கி வரும் ரத்தம் சிவப்பு, விலகிப் போவது நீலம். சுத்த ரத்தம், அசுத்த ரத்தம் என்று இதைப் படித்துவிடாதீங்க. அது திசை, அவ்வளவுதான். வேகமாகச் சுழன்று பீறிடும் இடத்தில் பல நிறங்கள் கலந்து தெரியும். கசிவு முதலில் கண்ணில் படுவது இப்படித்தான்.

வால்வைச் சுற்றிக் கசிவு: அது என்ன?

செயற்கை வால்வின் ஓரத்தில் துணியால் ஆன ஒரு வளையம் இருக்கும். சர்ஜன் அந்த வளையத்தை இதயத் திசுவோடு தைப்பார். ஜன்னல் மாட்டுவதை யோசித்துப் பாருங்க. கதவு நன்றாக மூடினாலும், சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே வரும். பாராவால்வுலர் லீக் அதுதான். வால்வு நன்றாக வேலை செய்யும், ஓரம் ஒழுகும்.

காரணங்கள் பல. திசுவில் கால்சியம் படிந்திருந்தால் தையல் சரியாக உட்காராது. திசு நைந்திருந்தால் தையல் அறுத்துக்கொண்டு வரும். வால்வில் கிருமித் தொற்று வந்தால் தையல் பிடித்திருக்கும் திசுவே கரையும்.

எத்தனை பேருக்கு வருகிறது? ஆய்வுகளில் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு இது: அயோர்ட்டிக் வால்வில் 2 முதல் 10 சதவீதம், மைட்ரல் வால்வில் 7 முதல் 17 சதவீதம். வரம்பு ஏன் இவ்வளவு அகலம்? எந்த எக்கோவால் தேடினார்கள், எவ்வளவு சின்னக் கசிவையும் கணக்கில் சேர்த்தார்களா என்பதைப் பொறுத்து எண் மாறும். இதில் பெரும்பாலானவை சின்னவை, தொந்தரவு தராதவை. சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் போவது சிலருக்கு மட்டுமே.

இந்தியாவுக்கு இது ஏன் முக்கியம்? சிறுவயதில் வரும் ருமாட்டிக் காய்ச்சல் வால்வைக் கெடுப்பதால், இங்கே இளம் வயதிலேயே வால்வு மாற்றிக்கொள்பவர்கள் அதிகம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனம் உள்நாட்டிலேயே உருவாக்கிய சித்ரா வால்வு 1990-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. 25 வயதில் வால்வு பொருத்திக்கொண்டவர் அதோடு பல பத்தாண்டுகள் வாழ வேண்டும். வருடா வருடம் எக்கோவும் கூடவே வரும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்: மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, காரணம் தெரியாத களைப்பு, கால் வீக்கம். இன்னொரு வகை அறிகுறியும் உண்டு. முகம் வெளுப்பது, கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்த நிறத்தில் போவது. குறுகிய இடைவெளியில் வேகமாகப் பீறிடும்போது சிவப்பணுக்கள் உடைவதால் இப்படி நடக்கும். இங்கே துளையின் அளவைவிட வேகத்தின் பங்கு பெரிது. அதனால் சின்னக் கசிவுகூட கடுமையான ரத்தசோகையைத் தரலாம். ஹீமோகுளோபின், எல்டிஎச், ஹாப்டோகுளோபின் போன்ற ரத்தப் பரிசோதனைகள் இதைக் காட்டும்.

அடுத்தது எக்கோ. நெஞ்சின் மேல் புரோப் வைத்துப் பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உலோக வால்வு அல்ட்ராசவுண்டைத் தடுத்து, பின்னால் நிழல் விழவைக்கும். மைட்ரல் வால்வின் கசிவு போய் விழும் அறை சரியாக அந்த நிழலுக்குள்தான் இருக்கிறது. ரிப்போர்ட் நார்மல் என்று வரும், ஆளுக்கு மூச்சு வாங்கும்.

இன்னொரு சிக்கல் டாப்ளரின் கணக்கிலேயே இருக்கிறது. அலையின் பாதையும் ரத்தத்தின் பாதையும் ஒரே கோட்டில் இருந்தால்தான் முழு வேகம் தெரியும். இரண்டும் செங்குத்தாக வெட்டினால் வித்தியாசம் பூஜ்யம். டாக்டர் புரோப்பைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பது இதனால்தான்.

எனவே சந்தேகம் இருந்தால் டிஇஇ செய்வார்கள். மெல்லிய புரோப்பை உணவுக்குழாய் வழியாக இறக்கி, இதயத்தைப் பின்பக்கத்திலிருந்து பார்ப்பது. 3டி வசதி இருந்தால், வால்வைக் கடிகார முகம் போல வைத்து, 'கசிவு 10 மணி இடத்தில்' என்று துல்லியமாகச் சொல்ல முடியும். ஒரு விஷயம் பயமுறுத்தக் கூடாது: பல உலோக வால்வுகளில் ரத்தம் உறையாமல் இருக்க, வேண்டுமென்றே விட்ட மிகச் சின்னக் கசிவுகள் உண்டு. அவை வளையத்துக்கு உள்ளே இருக்கும். பிரச்னை வளையத்துக்கு வெளியே இருப்பதுதான்.

என்ன சிகிச்சை?

கசிவு சின்னது, அறிகுறி இல்லை என்றால், பெரும்பாலும் கண்காணிப்பு போதும். மூச்சுத்திணறல் இருந்தால் நீர் பிரிக்கும் மாத்திரைகள், ரத்தசோகை இருந்தால் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும். ஆனால் மாத்திரை துளையை அடைக்காது.

அறிகுறிகள் அடங்காவிட்டால் இரண்டு வழிகள். ஒன்று, மறுபடியும் ஆபரேஷன். பழைய தழும்புகளின் ஊடாக நெஞ்சைத் திறப்பதால் முதல் முறையைவிட ரிஸ்க் அதிகம். இன்னொன்று, தொடை ரத்தக்குழாய் வழியாக கதீட்டரை அனுப்பி, நிக்கல்-டைட்டானியம் கம்பி வலையால் ஆன அடைப்பானைத் துளையில் விரியவைப்பது. துளை பெரும்பாலும் பிறை வடிவில் இருப்பதால், சில சமயம் ஒன்றுக்கு மேல் தேவைப்படும். அடைப்பான் வால்வின் இதழ்களை இடிக்கிறதா, மிச்சக் கசிவு எவ்வளவு என்று அந்த நிமிடமே எக்கோவில் பார்த்த பிறகுதான் அதை விடுவிப்பார்கள். அரைகுறையாக அடைத்தால் சிவப்பணு உடைவது கூடவும் வாய்ப்பு உண்டு.

எல்லோருக்கும் கதீட்டர் பொருந்தாது. வால்வில் தொற்று இருந்தாலோ, வால்வே தளர்ந்து ஆடினாலோ ஆபரேஷன்தான் வழி.

நீங்கள் என்ன செய்யலாம்?

வீட்டில் வால்வு மாற்றிக்கொண்டவர் இருந்தால், ஆபரேஷன் முடிந்த சில வாரங்களில் எடுத்த முதல் எக்கோ ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து, ஸ்கேன் செய்து வையுங்க. பிறகு வரும் ஒவ்வொரு எண்ணையும் ஒப்பிட அதுதான் அடிப்படை. தனியாக நிற்கும் ஒரு ரிப்போர்ட் அதிகம் பேசாது. ஐந்து ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்தால் போக்கு தெரியும்.

டாக்டரிடம் இந்த நான்கு கேள்விகளைக் கேட்கலாம்:

1. கசிவு வளையத்துக்கு உள்ளேயா, வெளியேயா?

2. போன முறையைவிடக் கூடியிருக்கிறதா?

3. சிவப்பணு உடைகிறதா என்று ரத்தம் பரிசோதித்தாகிவிட்டதா?

4. மூச்சு வாங்குவது தொடர்ந்தும் எக்கோ நார்மல் என்றால், டிஇஇ தேவையா?

பல், ஈறு பராமரிப்பையும் விட்டுவிடக் கூடாது. வாயிலிருந்து ரத்தத்துக்குப் போகும் கிருமி வால்வில் தங்கலாம். பல் டாக்டரிடம் போனால் வால்வு இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்க. காரணம் தெரியாமல் காய்ச்சல் நீடித்தால், நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாமல் இதய டாக்டரைப் பாருங்க.

இது பொதுத் தகவல் மட்டுமே, சிகிச்சை முடிவை உங்கள் டாக்டரோடு பேசித்தான் எடுக்க வேண்டும். பேசப் போகும்போது முழு ஃபைலையும் கொண்டுபோங்க, பழைய ரிப்போர்ட்டுகள் உட்பட.